துப்பாக்கிக்குச் சைலன்சர்: எதைப் பார்த்து வாங்குவது?

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில், இயற்பியல் துறையின் பழைய மாணவரும் ஆயுதப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தூங்குகிறவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் பேச வந்ததே சத்தத்தைக் குறைப்பது பற்றி. அதனால் யாரையும் எழுப்பாமல் பேசப் பார்க்கிறேன்.

தலைப்பைச் சொன்னதும் செயலாளர், "என்னய்யா இது, மலரில் போட்டால் போலீஸ் வந்து விசாரிக்குமே!" என்றார். நான் சொன்னேன்: "விசாரிக்க வருகிறவரே நம்ம ஜூனியராகத்தான் இருப்பார், கவலைப்படாதீங்க." சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ராணுவத்திலும், துணை ராணுவப் படைகளிலும், மாநிலக் காவல் துறையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் திருச்சியில் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரில் இருந்து அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. குட்டைக் குழல் கொண்ட 'டிரைகா' என்ற கார்பைனை உருவாக்கியதும் அந்தத் தொழிற்சாலைதான். 2025 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் 4.25 லட்சத்துக்கும் மேற்பட்ட புதுக் கார்பைன்கள் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆக, குட்டைக் குழல் துப்பாக்கி இனி நம் பிள்ளைகள் பலர் கையில் இருக்கப் போகிறது. அதற்கு ஏற்ற சைலன்சரைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் நம்மவர்கள் உட்காரப் போகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது பொதுமக்கள் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில், துப்பாக்கியின் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கிற உபகரணங்கள் எல்லாம் முதல் வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் கொடுக்கிற சாதாரண லைசென்ஸில் அது வராது. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட் கன்னும் அதே முதல் வகைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியின் எண்ணிக்கையே மூன்றில் இருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆகவே தோட்டத்தில் காட்டுப்பன்றி தொந்தரவு இருக்கிறது, சைலன்சர் கிடைக்குமா என்று கூட்டம் முடிந்ததும் யாரும் என்னைத் தனியே கூப்பிட வேண்டாம்.

வெளிநாட்டு நிலைமை வேறு. பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்றிக் கொள்ள இதைச் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1934-இல் வந்த சட்டம் சைலன்சருக்கும், குட்டைக் குழல் கொண்ட ரைஃபிளுக்கும் 200 டாலர் வரியும் அரசுப் பதிவும் விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் இந்த இரண்டுக்கும் அந்த வரி பூஜ்யமாக்கப்பட்டது. பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சைலன்சர் என்ற சொல்லே ஒரு பெரிய பொய். சினிமாவில் வில்லன் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு சுட்டால் 'புஸ்க்' என்று கேட்கும். பக்கத்து அறையில் இருப்பவர் காப்பி குடித்துக் கொண்டிருப்பார். நிஜத்தில் அப்படி நடக்காது. ரைஃபிள் வெடிக்கிறபோது உச்ச சத்தம் ஏறத்தாழ 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் இருப்பதும் அதிர்வேட்டு மாதிரித்தான் இருக்கும். பின்னே அது எதற்கு என்று கேட்பீர்கள். டெசிபல் கணக்கு நாம் முதலாம் ஆண்டில் படித்த லாகரிதக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் ஒலிச் செறிவு பத்தில் ஒரு பங்கு. 30 டெசிபல் குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெடிச் சத்தத்துக்கு 140 டெசிபல் என்பதைத்தான் உலகம் முழுக்க அபாயக் கோடாக வைத்திருக்கிறார்கள். 160 அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேலே. 132 கோட்டுக்குக் கீழே. காது பிழைப்பதும் கெடுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவர் கதை சுவாரஸ்யமானது. 1880-களில் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர் ஹிராம் மாக்ஸிம். தன் துப்பாக்கிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவர் கடைசிக் காலத்தில் முழுச் செவிடானார். அவருடைய மகன் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் எஞ்சினின் சத்தத்தை அடக்குகிற வேலையும் அவர் செய்தார். அப்பன் போட்ட சத்தத்தை மகன் அடக்கினான் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

தத்துவம் ஒன்றுதான். புல்லட் மோட்டார் சைக்கிளில் சைலன்சரைக் கழற்றிவிட்டு கீழராஜ வீதியில் ஒரு பையன் போனால் என்ன ஆகும்? எஞ்சின் வாயு அழுத்தத்தோடு நேராக வெளியே பாய்ந்து காதைக் கிழிக்கும். சைலன்சருக்குள் அதே வாயு தடுப்புகளில் மோதி, விரிந்து, சூட்டை இழந்து, நிதானமாக வெளியே வருகிறது. துப்பாக்கியிலும் குழல் முனையில் மாட்டுகிற உருளைக்குள் வரிசையாகத் தடுப்புகள், நடுவில் குண்டு போவதற்கு ஒரு துவாரம். குண்டு நேராகப் போய்விடும், வாயு அறை அறையாகத் தங்கித் தங்கி வரும்.

குட்டைக் குழல் என்றால் என்ன வித்தியாசம்? பிரஷர் குக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து ஆவி அடங்கிய பிறகு மூடியைத் திறந்தால் பிரச்னை இல்லை. அவசரப்பட்டு முன்னாலேயே திறந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் கேட்டால் தெரியும். நீளக் குழலில் வெடிமருந்து பெரும்பாலும் உள்ளேயே எரிந்து, குண்டு முனைக்கு வருவதற்குள் அழுத்தம் இறங்கிவிடும். இன்சாஸ் ரைஃபிளின் குழல் 464 மில்லிமீட்டர். அதே ரகத் தோட்டாவை 260 மில்லிமீட்டர் குழலில் சுட்டால் முனையில் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். எரியாத மருந்து வெளியே வந்து எரியும். அதனால் பெரிய தீப்பிழம்பும், அதிகச் சத்தமும், முகத்தில் அறைகிற காற்றும் வரும். நீளக் குழலுக்கென்று செய்த சைலன்சரைக் குட்டைக் குழலில் மாட்டினால் முதல் தடுப்பு சீக்கிரமே அரித்துப் போகும். மோசமானால் உடைந்தும் போகும்.

சரி, தேர்ந்தெடுக்கும்போது எதை எதைப் பார்க்க வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, என்ன தோட்டா என்பது. இதை முடிவு செய்யாமல் சைலன்சர் கேட்பது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி. மாடு விரட்டுகிற சாட்டையைச் சுண்டி வீசினால் 'சடீர்' என்கிறதே, அது நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் வருகிற சத்தம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஏ.கே. ரகக் குண்டு சுமார் 700 மீட்டரில் போகிறது. இன்சாஸ் குண்டு 900-ஐ ஒட்டிப் போகிறது. அந்தக் குண்டு போகிற வழி முழுக்கச் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டேதான் போகும். எந்தச் சைலன்சரும் அதைத் தடுக்காது. அதைத் தவிர்க்க ஒலியை விட மெதுவாகப் போகிற கனமான குண்டு வேண்டும். 9 மில்லிமீட்டரில் அது எளிது. 5.56-இல் குண்டு லேசானது, மெதுவாக்கினால் பலமும் போகும், துப்பாக்கியும் ஒழுங்காக ஓடாது. இதற்காகவே 2011-இல் அமெரிக்காவில் '.300 பிளாக்அவுட்' என்ற தோட்டாவுக்கு அங்கீகாரம் வந்தது. குட்டைக் குழலிலேயே மருந்து எரிந்து முடியும்படி வகுத்தது. அதில் 14 கிராம் எடையுள்ள குண்டை ஒலிக்குக் கீழே சுடலாம்.

நம் நாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் பாரா நிற்பவர் தோளில் தொங்கிய 9 மில்லிமீட்டர் கார்பைன் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் துப்பாக்கிதான் அதன் மூலம், குழல் சுமார் 20 சென்டிமீட்டர். அதன் சத்தமில்லா ரகம் அங்கே எல்34ஏ1, நம் கான்பூர் தொழிற்சாலையில் 2ஏ1. மூல ரகத்தில் குழலிலேயே 72 துவாரங்கள் போட்டு, வாயுவை முன்கூட்டியே கசியவிட்டு, சாதாரணத் தோட்டாவையே ஒலி வேகத்துக்குக் கீழே இறக்கினார்கள். ஜெர்மனியின் எம்.பி.5 எஸ்.டி. ரகத்திலும் இதே யுக்தி, அங்கே 30 துவாரம். சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் குண்டின் வேகமும் குறையும், எடையும் கூடும். சாதா ஸ்டெர்லிங் 2.7 கிலோ, சத்தமில்லாதது 3.6 கிலோ.

இரண்டாவது, எந்தக் குழல் நீளம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா என்பது. வாயால் 'எல்லாத்துக்கும் போடலாம் சார்' என்று சொல்வது செல்லாது. ஒற்றை ஒற்றையாகச் சுடுவதற்கா, தொடர்ந்து சுடுவதற்கா என்பதும் அதில் இருக்க வேண்டும். உலோகத்தைக் கேளுங்கள். டைட்டானியம் லேசு, ஆனால் கடும் சூட்டில் பலம் இழக்கும், இரவில் பொறி பறக்கும். துருப்பிடிக்காத எஃகு கனம், ஆனால் உழைக்கும். குட்டைக் குழலுக்கு முதல் தடுப்பாவது இன்கோனல், ஸ்டெல்லைட் மாதிரிச் சூடு தாங்கும் கலப்பு உலோகமாக இருப்பது உத்தமம்.

மூன்றாவது, நீளமும் எடையும். குட்டைக் குழல் வாங்குவதே காரில் இருந்து இறங்கவும், வீட்டுக்குள் நுழையவும் லகுவாக இருக்கட்டும் என்றுதான். அதன் முனையில் ஒரு முழ நீளக் குழாயை மாட்டினால் குட்டைக் குழல் வாங்கிய காசு வீண். நுனியில் தொங்குகிற அரை கிலோ, ஒரு மணி நேரம் பிடித்து நிற்கும் கான்ஸ்டபிளின் மணிக்கட்டுக்கு இரண்டு கிலோ.

நான்காவது, வாயு திரும்பி வருவது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முன்னால் அடைத்தால் பின்னால் வரும், இது வாய்க்கால் பாசனம் தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கித் துப்பாக்கியில் தோட்டா உறை வெளியேறும் வழியாகப் புகையும் கரியும் ஈயத் தூளும் சுடுகிறவர் முகத்துக்கே வரும். துப்பாக்கி வேகமாக ஓடிச் சிக்கிக் கொள்ளும், பாகங்கள் தேயும். வாயுவை முன்பக்கமே வெளியேற்றும் வடிவங்கள் இப்போது வந்திருக்கின்றன. துப்பாக்கியில் வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் இன்னும் நல்லது. குழல் முனையில் சத்தம் ரொம்பக் குறைவு என்று விளம்பரம் செய்யும் சைலன்சர், சுடுகிறவர் காதருகே அளந்தால் ஏமாற்றம் தருவதும் இதனால்தான்.

ஐந்தாவது, மாட்டும் முறை. மரை நேராக இல்லாவிட்டால் குண்டு தடுப்பில் உரசும். அப்புறம் அது எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மாட்டினால் குறி சற்று மாறும், அது இயல்பு. ஆனால் பத்துத் தடவை கழற்றி மாட்டினாலும் அதே அளவுதான் மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போனால் அதை வாங்காதீர்கள்.

ஆறாவது, அளந்த விதம். வெடிச் சத்தம் கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது. சாதாரண ஒலிமானியோ, செல்போன் ஆப்போ அதைப் பிடிக்காது. எங்கே வைத்து, எந்தக் கருவியில், எந்தக் குழல் நீளத்தில், எந்தத் தோட்டாவில் அளந்தது என்று நான்கும் எழுதாத எண் ஒரு எண்ணே இல்லை.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அரசாங்கக் கொள்முதலில் இரண்டு உறை முறை. தொழில்நுட்ப உறையில் தேறியவர்களில் யார் விலை குறைவோ அவருக்குத்தான் ஆர்டர். அது நியாயமான முறைதான். ஆனால் தொழில்நுட்ப உறையில் 'தரமான சைலன்சர்' என்று ஒரே வரி எழுதினால், தேறக் கூடாததும் தேறிவிடும், விலை குறைந்ததும் அதுவாகத்தான் இருக்கும். நான் சொன்ன ஆறையும் நிபந்தனையாக எழுதுங்கள். நீங்கள் வைத்திருக்கும் துப்பாக்கியில், நீங்கள் சுடும் தோட்டாவில், உங்கள் ரேஞ்சிலேயே சுட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, சத்தத்தைக் குறைப்பது என்று பேசும்போது நம் மாவட்டத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்க முடியாது. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்த நாளில், ரேஞ்சுக்கு வெகு தூரம் தள்ளி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பலன் இல்லாமல் 2022 ஜனவரி 3-ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்து போனான். அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பிள்ளையைத் திருப்பித் தர யாரால் முடியும்?

அதற்குப் பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள்: "ரேஞ்சில் சைலன்சர் போட்டால் ஊருக்குத் தொந்தரவு இருக்காதில்லையா?" தொந்தரவு குறையும், ஆபத்து குறையாது. சைலன்சர் அடக்குவது வாயுவைத்தான், குண்டை அல்ல. ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டர் வரை போகக் கூடியது. மண் மேடும், பின்சுவரும், சுடும் கோணமும்தான் அதை நிறுத்தும். சொல்லப் போனால், ஆடு மேய்க்கிற அம்மாவுக்கும் ஏரிக்கரையில் விளையாடுகிற பையனுக்கும் அந்த 'டமார்' சத்தம்தான் எச்சரிக்கை. 'இன்னைக்கு சுடுறாங்கடா, அந்தப் பக்கம் போகாதே' என்று தாத்தா சொல்வது சத்தத்தைக் கேட்டுத்தான். சத்தத்தைக் குறைத்தால், குறைத்த அளவுக்குச் சிவப்புக் கொடியையும், சைரனையும், தண்டோராவையும் கூட்ட வேண்டும். ரேஞ்ச் மேட்டை இரட்டிப்பாக்கிய பிறகு சைலன்சரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் யோசிப்பது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பது.

அப்படியானால் சைலன்சர் யாருக்காக? அதைப் பிடித்து நிற்கிறவருக்காக. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் முதலில் கெடும், குழல் முனையைப் பார்த்து நிற்பது அதுதான். என் இடது காதிலும் ராத்திரியில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் இருபது வருஷமாகக் கேட்கிறது. எங்கள் காலத்தில் பஞ்சு வைத்துக்கொள்வதே கோழைத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய உணர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. நெல்லு நாற்று இல்லை, இன்னொரு தடவை நடுவதற்கு. ஓய்வு பெற்ற ஏட்டையா வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறதே, அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். பேரன் மெல்லப் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே பணியில் இருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள் மூன்று. சைலன்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயிற்சியில் காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப், இரண்டும் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காது கேட்கும் திறனைச் சோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். கொள்முதல் கமிட்டியில் உட்கார்ந்தால், கடைசி வரிசையில் நிற்கும் கான்ஸ்டபிளின் காதை நினைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் என்.சி.சி. மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. .22 ரைஃபிள்தானே, சின்னதுதானே என்று வெறுங்காதோடு படுக்காதீர்கள். கேம்ப்பில் பக்கத்தில் பத்துப் பேர் சுடுவார்கள், பத்தும் உங்கள் காதுக்குத்தான் வரும். பஞ்சு போதாது, சரியான பிளக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகள் இன்னும் பல்லாண்டு நன்றாகக் கேட்கட்டும்.